‘அது அவங்க பண்பாடு’ என்று சொல்லும்போது நாம் யார் பக்கம் நிற்கிறோம்?

தம்பி, நீ கேட்டதை முதலில் மற்றவர்களுக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் நீங்கள் நடத்தும் படிப்பு வட்டத்தில், ஆப்கானிஸ்தானில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை மூடியது பற்றி ஒரு கூட்டம் போடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. வட்டத்தில் மூத்தவர் ஒருவர், "அது அவங்க நாடு, அவங்க மதம், அவங்க பண்பாடு. அதைத் தப்புன்னு சொல்ல நாம யாரு? நாளைக்கு வெள்ளைக்காரன் வந்து நம்ம வழக்கத்தைத் தப்புன்னு சொன்னா ஒத்துப்பியா?" என்று கேட்டிருக்கிறார். உனக்கு உடனே பதில் வரவில்லை, அவர் சொன்னது சரி என்று ஏற்கவும் மனசு வரவில்லை. எது நியாயம் என்று கேட்டிருக்கிறாய்.

கூட்டம் போடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தப் பெரியவர் கேட்டது லேசான கேள்வி இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவருடைய சந்தேகத்துக்கு மரியாதையான ஒரு பின்னணி உண்டு. எழும்பூர் மியூசியத்துக்குப் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கூட்டிப் போயிருப்பார்கள். அங்கே 1885 முதல் இருபது வருஷத்துக்கு மேல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து சாதிவாரியாகக் குறித்து வைத்தவர். மூக்கின் அகலத்தைப் பார்த்தே எந்த சாதி எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம் என்று அந்தக் காலத்து அறிஞர்களில் சிலர் மெய்யாகவே நம்பினார்கள். ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவுசெய்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே வந்தது, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஐரோப்பியர்கள் உலகத்தையே இப்படி எடை போட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், அமெரிக்காவில் ஃப்ரான்ஸ் போவாஸ் என்ற மானுடவியலாளரும் அவருடைய மாணவர்களும், ஒரு மக்களின் வழக்கத்தை அவர்களுடைய வாழ்க்கைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும், உன் ஊர் அளவுகோலைக் கொண்டுபோய் அங்கே வைக்காதே என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இனவெறிக்கு எதிராக எழுந்த பேச்சு அது. 1947-ல் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, போவாஸின் மாணவர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் தயாரித்த ஓர் அறிக்கையை அமெரிக்க மானுடவியல் சங்கம் அனுப்பியது. மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற மதிப்புகளை மட்டும் வைத்து எழுதினால் அது எப்படி எல்லா மனிதருக்கும் பொருந்தும் என்பது அதன் கேள்வி. நம்ம பெரியவர் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாவு வீட்டில் பறையடித்து ஆடிக்கொண்டு போவதை, மாட்டுக்கறி சாப்பிடுவதை, கானா பாடுவதை, நாம் பேசும் தமிழை, சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எத்தனை வருஷமாக நாகரிகம் இல்லாதது என்று சொல்லி வந்திருக்கிறார்கள். துக்கத்தை இப்படித்தான் காட்ட வேண்டும் என்று யாருக்கும் விதி கிடையாது. ஒருவர் அழுவார், ஒருவர் ஆடுவார். இதிலெல்லாம் ‘அது அவங்க வழக்கம், விடு’ என்பது சரியான பதில், அதைச் சொல்லக் கற்றுக்கொள்வதே பெரிய பண்பு.

சிக்கல் அடுத்த அடியில் இருக்கிறது. ஊருக்கு ஊர் நியாயம் வேறுபடுகிறது என்பது கண்ணால் பார்த்த உண்மை. அதனால் எந்த ஊர் நியாயத்தையும் வெளியே இருந்து யாரும் தப்பு என்று சொல்லக்கூடாது என்பது அந்த உண்மையிலிருந்து தானாக வந்துவிடாது. அது தனியாக ஒரு முடிவு, அதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். அந்த முடிவை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஒரு சமூகத்தில் பெரும்பாலோர் எதை ஏற்கிறார்களோ அதுதான் அங்கே நியாயம் என்றால், அந்தச் சமூகத்துக்குள்ளேயே எழுந்து நின்று ‘இது அநியாயம்’ என்று சொல்கிறவர் தப்பானவர் ஆகிவிடுவார். சாதிக் கொடுமையை எதிர்த்து எழுந்த அயோத்திதாசப் பண்டிதர் தப்பு, இரட்டைமலை சீனிவாசன் தப்பு, வைக்கத்தில் போய் ஜெயிலுக்குப் போன பெரியார் தப்பு. அவர்கள் வாழ்ந்த காலத்தில் பெரும்பான்மை அவர்கள் பக்கம் இல்லையே.

எனக்கு இந்த விவாதத்தில் உறுத்துவது இதுதான்: ‘அவர்கள் பண்பாடு’ என்று சொல்லும்போது அந்த ‘அவர்கள்’ யார்? ஒரு பண்பாட்டுக்குள் ஒரே குரல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அடிக்கிறவனும் அடி வாங்குகிறவனும் ஒரே பண்பாட்டுக்குள்தான் இருக்கிறார்கள். வெளியே நின்று ‘அது அவங்க வழக்கம்’ என்று நாம் சொன்னால் நடுநிலையாக இருந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் அந்த ஊரில் யாருக்குப் பேசும் அதிகாரம் இருக்கிறதோ அவர் சொன்னதை மொத்த ஊரின் கருத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்ம பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லா வடக்கே பொன்னேரி வரை நீண்டது, மீஞ்சூர் பக்கமெல்லாம் அதற்குள்தான். அந்த ஜில்லாவில் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று 1891-ல் ஓர் அறிக்கை எழுதினார். 1843-லேயே அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டுவிட்டது, ஆனாலும் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள், குடியிருந்த மனைகூட அவர்கள் பெயரில் இல்லை. அவருக்கு மேலே இருந்த வருவாய் வாரியம் என்ன செய்தது? நிலைமை அவ்வளவு மோசம் இல்லை, அவர் மிகைப்படுத்துகிறார் என்ற தோரணையில் பேசியது. அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் பண்ணை அடிமைத்தனத்தை இந்நாட்டு வழக்கம், எஜமானுக்கும் ஆளுக்கும் இருக்கிற பழைய உறவு, அதில் கை வைத்தால் ஊர் கலங்கிப்போகும் என்று சொல்லியே காலத்தை ஓட்டினார்கள். வரி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, நிலக்காரர்கள் அரசாங்கத்துக்கு வேண்டியவர்களாக இருந்தார்கள், அப்புறம் எதற்கு வம்பு? அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-ல் வந்த உத்தரவில்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய, இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது பிறந்தது. ‘நேட்டிவ் வழக்கத்தில் தலையிட மாட்டோம்’ என்று ஆட்சி செய்கிறவன் சொல்வது எப்போதும் பணிவிலிருந்து வருவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். விக்டோரியா மகாராணியின் 1858 பிரகடனமும் மதத்திலும் வழக்கத்திலும் தலையிட மாட்டோம் என்றுதான் சொன்னது.

அதே சமயத்தில் தெற்கே என்ன நடந்தது என்று பார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். நாடார் சமூகத்துப் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல மார்பை மூடும் சேலை போடக்கூடாது என்பது வழக்கம், வழக்கம் என்றால் மீறியவர்களின் துணியைத் தெருவில் கிழிக்கிற அளவுக்கு வழக்கம். 1820-களில் ஆரம்பித்து முப்பது நாற்பது வருஷம் அந்தப் பெண்கள் போராடினார்கள். 1858 கடைசியிலும் 1859 ஆரம்பத்திலும் அவர்கள் வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. அரண்மனை சொன்ன பதில், இது தொன்றுதொட்டு வரும் வழக்கம். கடைசியில் சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் கொடுத்த நெருக்கடியில்தான் 1859 ஜூலையில் ராஜா ஓர் அறிவிப்பு போட்டார். அதிலும் ஒரு பிடி வைத்திருந்தார்கள்: ரவிக்கை போட்டுக்கொள்ளலாம், மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது!

இந்தக் கதையை நம்மில் சிலர் வெள்ளைக்காரன் வந்து மானம் காத்த கதையாகச் சொல்வார்கள், சிலர் மிஷனரிகள் கிளப்பிவிட்ட கலகம் என்பார்கள். இரண்டிலும் அந்தப் பெண்களைக் காணோம். கவர்னர் ஒரு கடிதம் எழுதுவதற்கு முன்னால் அவர்கள் தலைமுறைக் கணக்காக அடி வாங்கிக்கொண்டு அந்தத் துணியைப் போட்டிருக்கிறார்கள். வெளியே இருந்து வந்த அழுத்தம் வேலை செய்ததென்றால், உள்ளே ஏற்கெனவே ஒரு போராட்டம் நடந்துகொண்டிருந்ததுதான் காரணம். இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

‘மனித உரிமை என்பதே மேற்கத்திய சரக்கு’ என்று உங்கள் வட்டத்தில் யாராவது சொல்வார்கள். 1948 டிசம்பர் 10-ல் பிரகடனத்துக்கு ஆதரவாக 48 நாடுகள் ஓட்டுப் போட்டன, எதிராக ஒருவரும் இல்லை, 8 நாடுகள் ஒதுங்கி நின்றன. ஒதுங்கியவர்களில் சோவியத் அணி போக மிச்சம் இரண்டு: சவூதி அரேபியா, வெள்ளையர் ஆண்ட தென்னாப்பிரிக்கா. எழுதியவர்கள் வரிசையில் சீனாவின் பி.சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக், சிலியின் எர்னான் சாந்தா க்ரூஸ் இருந்தார்கள், ஆணையத்தில் இந்தியா சார்பில் ஹன்சா மேத்தா இருந்தார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மதச் சுதந்திரம் பற்றிய பிரிவில் நடந்த சண்டை. மதம் மாறும் உரிமை இஸ்லாத்துக்கு ஒவ்வாது என்று சவூதி பிரதிநிதி எதிர்த்தார். பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜாஃபருல்லா கான் எழுந்து, குர்ஆனையே ஆதாரம் காட்டி அந்த உரிமையை ஆதரித்தார். இதில் எவர் சொன்னது முஸ்லிம் பண்பாடு? ஒருவரைத் தேர்ந்தெடுத்து ‘அவர்தான் அசல்’ என்று வெளியே இருக்கிற நாம் தீர்ப்புச் சொல்வதற்கு எந்த உரிமையும் கிடையாது, ஆனால் ‘அது அவங்க பண்பாடு’ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தீர்ப்பைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

‘இது எங்கள் உள்விவகாரம்’ என்ற வாதத்தை முதலில் ஐ.நா.வில் உடைத்ததில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது உனக்குத் தெரியுமா? 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்குப் போனது. அதற்கப்புறம் போனவர்களிலும் நம்ம தமிழ் ஜனங்கள் ஏராளம். அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகளை, இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று கட்டிப்போட 1946-ல் தென்னாப்பிரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஜனங்கள் அதை கெட்டோ சட்டம் என்றார்கள். சுதந்திரம்கூட இன்னும் கிடைக்காத இந்தியா அந்த வழக்கை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது, விஜயலட்சுமி பண்டிட் தலைமையில். தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ், ஐ.நா. சாசனத்தின் முன்னுரையில் மனித உரிமை என்ற பேச்சு வருவதற்குக் காரணமானவர்களில் ஒருவர், அங்கே எழுந்து ‘இது எங்கள் உள்நாட்டு விஷயம், நீங்கள் தலையிட முடியாது’ என்றார். சபை ஒப்பவில்லை. 32-க்கு 15 என்று தீர்மானம் நிறைவேறியது.

55 வருஷம் கழித்து, 2001-ல், அதே டர்பன் நகரத்தில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு. இந்தியாவிலிருந்து தலித் அமைப்புகள் திரளாகப் போய், பிறப்பால் வரும் சாதிக் கொடுமையையும் இதில் சேருங்கள் என்று கேட்டன. இந்திய அரசு எதிர்த்தது. சாதி இனம் ஆகாது, எங்கள் சட்டம் இதைப் பார்த்துக்கொள்கிறது, வெளியே பேச வேண்டியதில்லை என்பது அதன் நிலை. சாதி இனமா இல்லையா என்ற ஆராய்ச்சி தனி. மலக்குழிக்குள் மனிதனை இறக்கிச் சாகவிடுவதற்கு அந்த ஆராய்ச்சி ஒரு சமாதானம் ஆகுமா? இதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம், 2014-ல் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் இழப்பீடு கொடு என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தி மறுபடி தீர்ப்பு. இவ்வளவுக்கு அப்புறமும் சாகிறார்கள். அந்த வேலைக்கு எந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ‘வெள்ளைக்காரன் வந்து சொன்னா ஒத்துப்பியா?’ என்று பெரியவர் கேட்டார் அல்லவா, என் பதில் இது: அவன் சொல்வது உண்மையாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். டர்பனுக்குப் போய் உலகத்திடம் முறையிட்டவர்கள் நம்ம ஜனங்கள்தான்.

சரி, சொல்கிறவனின் யோக்கியதை? அதைக் கேட்கத்தான் வேண்டும். எகிப்தை ஆண்ட க்ரோமர் பிரபு, இஸ்லாம் பெண்களை அடிமையாக்குகிறது, முக்காட்டை எடுக்க வேண்டும் என்று உபதேசம் செய்தார். அதே மனுஷன் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய், பெண்களுக்கு ஓட்டுரிமை தரக்கூடாது என்று ஆண்கள் நடத்திய சங்கத்துக்குத் தலைவரானார். 2001-ல் அமெரிக்கா ஆப்கானிஸ்தான் மேல் குண்டு போட்டபோது அந்நாட்டுப் பெண்களின் விடுதலையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, இருபது வருஷம் கழித்து அந்தப் பெண்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். இதையெல்லாம் மறக்கச் சொல்லவில்லை.

ஆனால் சொல்கிறவனின் நோக்கம் கெட்டது என்பதால் சொல்லப்பட்டது பொய்யாகிவிடாது. பெரம்பூர் பக்கத்து ஆட்களுக்கு மில் கதை தெரியும், அதிலேயே ஒன்று சொல்கிறேன். 1870-களில் இந்தியப் பஞ்சாலைகளுக்குத் தொழிற்சாலைச் சட்டம் வேண்டும் என்று பெரிதாகக் குரல் கொடுத்தவர்களில் மான்செஸ்டர் பக்கத்து மில் முதலாளிகள் இருந்தார்கள். இந்தியத் தொழிலாளி மேல் அவர்களுக்கு என்ன பாசம்? பம்பாய் மில்கள் மலிவாக நூல் நூற்றுத் தங்கள் சந்தையைப் பிடிக்கின்றனவே என்ற வயிற்றெரிச்சல். நம் தேசியப் பத்திரிகைகள் பலவும் இதைச் சரியாகக் கண்டுபிடித்து, ‘இது இந்தியத் தொழிலை நசுக்கும் சதி’ என்று எழுதின. இரண்டு பக்கமும் இப்படி அடித்துக்கொண்ட பிறகு 1881-ல் வந்த சட்டத்தில் என்ன இருந்தது? ஏழு வயசுக்குக் கீழே குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது, பன்னிரண்டு வயசு வரைக்கும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. அவ்வளவுதான், அதற்கே அத்தனை எதிர்ப்பு. சதி என்று சொன்னதும் உண்மை, ஏழு வயசுக் குழந்தை மில்லுக்குள் நின்றதும் உண்மை. பிறகு 1918-ல் பெரம்பூரில் பி அண்ட் சி மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிற்சங்கத்தைக் கட்டியபோதுதான் பேச வேண்டியவர்களே பேச ஆரம்பித்தார்கள், அதுதான் முறையான வழி.

இதில் உண்மையிலேயே கஷ்டமான ஓர் இடம் உண்டு, அதைத் தாண்டிப் போய்விட எனக்கு விருப்பம் இல்லை. பாதிக்கப்பட்டதாக நாம் நினைக்கிறவர்களே ‘எங்களை விடுங்கள்’ என்று சொன்னால் என்ன செய்வது? பெண்ணைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி 1927-லிருந்து சென்னைச் சட்டசபையில் போராடியபோது, அந்தச் சமூகத்திலிருந்தே பெண்கள் சங்கமாகத் திரண்டு எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் மாதிரி பெரிய கலைஞர் அந்த எதிர்ப்பில் இருந்தார். எங்களை விபசாரிகள் என்று ஒட்டுமொத்தமாகப் பெயர் வைக்காதீர்கள், எங்களிடம் சொத்தும் படிப்பும் கலையும் இருக்கிறது என்றார்கள். அதில் உண்மை இருந்தது. நம்ம ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பதைக் கேட்கப் பெரிய பெரிய வித்வான்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சமூகம் காத்த நாட்டியம் பிற்பாடு யார் கைக்குப் போனது, அவர்கள் பிழைப்பு என்ன ஆனது என்பதெல்லாம் நியாயமான கேள்விகள், சீர்திருத்தக்காரர்கள் அவற்றுக்குப் போதுமான பதில் வைத்திருக்கவில்லை என்பதே என் எண்ணம். மறுபக்கம், அதே சமூகத்தில் பிறந்து, அதற்குள் தள்ளப்பட்டு, வெளியே வந்து ஊர் ஊராகப் போய் அந்த முறையை எதிர்த்துப் பேசியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். இரண்டு தரப்பும் உள்ளிருந்து வந்தவர்கள்தான்.

இங்கே நான் எப்படி முடிவெடுக்கிறேன் என்றால், இதற்குள் வாய் திறக்கவே முடியாதவர் யார் என்று தேடுகிறேன். நாகரத்தினம்மாள் பேச முடிந்தது, மூவலூர் அம்மையார் பேச முடிந்தது. ஏழு எட்டு வயசில் பொட்டுக்கட்டி விடப்படும் பெண் குழந்தையால் பேச முடியாது, அவளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் வழி இல்லை, வெளியேறவும் வழி இல்லை. வளர்ந்த பெண்ணின் வாழ்க்கையைக் கேவலமாகப் பேசாமலே, குழந்தைக்குப் பொட்டுக்கட்டுவதை மட்டும் நிறுத்தியிருக்க முடியும். 1947-ல் வந்த சட்டத்தின் பெயரே பொட்டுக்கட்டித் தாசியாக்குவதைத் தடுக்கும் சட்டம் என்பதுதான். எந்த ஊர் வழக்கமாக இருந்தாலும் நான் கேட்பது மூன்றுதான்: அதில் மாட்டியிருப்பவர் மறுத்தால் அடி விழுமா, அவர் வெளியே போக முடியுமா, அதைப் பற்றி வாயைத் திறந்து பேச முடியுமா. சாவுக்கு ஆடுவதில் இந்தப் பிரச்சினையே கிடையாது, பிடிக்காதவன் ஆடாமல் நடந்துவருவான். சாதி மாறிக் கல்யாணம் செய்த மகளை வெட்டுவது மூன்றிலுமே தோற்கிறது.

அப்புறம், தப்பு என்று தெரிந்தபின் எப்படி எதிர்ப்பது. கென்யாவில் மேரு என்ற பகுதியில் 1956-ல், வெள்ளைக்கார அதிகாரிகளின் ஊக்கத்தோடு, ஊர் ஆண்களின் சபை ஒன்று பெண்ணுறுப்புச் சிதைப்பைத் தடை செய்தது. பெண்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன நடந்தது தெரியுமா? பருவப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குள் போய்த் தங்களுக்குத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். அதை அந்நியனை எதிர்க்கும் வீரமாக நினைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட்டும் தடை தோற்றது.

இதே பழக்கம் செனகல் நாட்டில், மாலிகூண்டா பம்பாரா என்ற கிராமத்தில். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்கு அவர்கள் தாய்மொழியில் எழுத்தும், உடம்பைப் பற்றிய அறிவும், உரிமைகளைப் பற்றிய பேச்சும் கற்றுக்கொடுத்தது. ‘உங்கள் வழக்கம் காட்டுமிராண்டித்தனம்’ என்று வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. 1997 ஜூலையில் அந்தப் பெண்களே ஊரறிய அறிவித்தார்கள், இனி எங்கள் பிள்ளைகளுக்குச் செய்ய மாட்டோம். சுற்றியிருந்த கிராமங்கள் அவர்களை வசைபாடின. அப்போது டெம்பா ஜாவாரா என்ற வயதான இமாம் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார்: ஒரு கிராமம் தனியாக விட்டுவிட முடியாது, ஏனென்றால் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது பக்கத்து ஊர்களோடுதான், அறுக்காத பெண்ணை அவர்கள் மருமகளாக எடுக்க மாட்டார்கள், அதனால் சம்பந்தம் செய்யும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் விட வேண்டும். சொன்னதோடு நிற்காமல் அவரே ஊர் ஊராக நடந்துபோய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன. செனகலின் தடைச் சட்டம் அதற்குப் பிறகு 1999-ல்தான் வந்தது. மகளை நேசிக்காத தாய்மார்களா அவர்கள்? அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்ற பயத்தில் செய்தவர்கள். வரதட்சணை தப்பு என்று தெரிந்தே நம்ம வீடுகளில் கொடுக்கிறார்களே, அதே முடிச்சு. அந்த முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று உள்ளூர் இமாமுக்குத் தெரிந்தது, வெளியே இருந்து போகிறவருக்கு அவ்வளவு சுலபமாகத் தெரிந்திருக்காது.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. காம்பியாவில் இதே பழக்கத்துக்கு 2015-ல் வந்த தடையை நீக்க 2024-ல் அவர்கள் பாராளுமன்றத்தில் மசோதா வந்தது, பண்பாடு, மதம் என்றெல்லாம் பேசினார்கள். சிறுவயதில் அதை அனுபவித்த பெண்கள் உள்ளூரில் நின்று எதிர்த்துப் போராடினார்கள், ஜூலையில் மசோதா தோற்றது. இதே குட்டி காம்பியாதான் 2019-ல், ரோஹிங்கியா மக்களைக் கொன்று விரட்டியதற்காக மியான்மரை சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. சுத்தமானவர்கள்தான் பேச வேண்டும் என்றால் உலகத்தில் ஒருவரும் பேச முடியாது.

இனி ஆப்கானிஸ்தான். காபூலில் அரசு பெண்கள் பள்ளியைத் திறந்தது 1921-ல், வெள்ளைக்காரன் திறக்கவில்லை, மன்னர் அமானுல்லாவும் ராணி சோராயாவும் திறந்தார்கள். நூறு வருஷமாக அந்த நாட்டில் பெண் படிப்புக்கு ஆதரவும் எதிர்ப்பும் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கிறது, இரண்டுமே ஆப்கன் பண்பாடு. 2021-ல் தாலிபான் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளியை மூடினார்கள், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் மூடினார்கள். காபூல் தெருவில் பெண்கள் ‘ரொட்டி, வேலை, விடுதலை’ என்று கோஷம் போட்டு, துப்பாக்கியைக் காட்டி விரட்டப்பட்டார்கள். கெய்ரோவில் புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்வி மையமான அல் அஸ்ஹரின் தலைமை இமாம் இந்தத் தடை ஷரியத்துக்கே விரோதம் என்றார். தாலிபான் அரசிலேயே துணை வெளியுறவு அமைச்சராக இருந்த ஸ்டானிக்ஸாய், 2025-ல் ஒரு பட்டமளிப்பு விழாவில் இதற்கு எந்த நியாயமும் இல்லை என்று பேசிவிட்டு, நாட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. இத்தனை பேர் உள்ளிருந்தும் அதே மதத்திலிருந்தும் சொல்லும்போது, ‘அது அவங்க பண்பாடு’ என்று வியாசர்பாடியில் உட்கார்ந்து நாம் தாலிபானுக்குச் சான்றிதழ் கொடுப்பது நியாயமா? அடக்கிய கையைப் பண்பாடு என்று எடுத்துக்கொண்டு, கோஷம் போட்ட அந்தப் பெண்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறோம்.

அதனால் கூட்டத்தில் இஸ்லாத்தை விமர்சிக்க ஆள் தேடாதீர்கள். அந்தப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தமிழில் மொழிபெயர்த்து வாசியுங்கள். பள்ளிவாசல் ஜமாத்திலிருந்து பேச ஒருவரைக் கூப்பிடுங்கள், ஓட்டேரி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பெண் கல்விக்கு உழைத்த முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களை முன்னால் உட்கார வையுங்கள். குண்டு போட வேண்டும் என்று யாராவது பேசினால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அந்தப் பரிசோதனை நடந்து முடிந்துவிட்டது, அதற்கு விலை கொடுத்தவர்களும் ஆப்கன் ஜனங்கள்தான். நம் அரசாங்கம் தாலிபான் அமைச்சர்களை வரவேற்கும்போது இந்தக் கேள்வியை எழுப்பு என்று கேட்பதும், இங்கே படிக்க வரும் ஆப்கன் பெண்களுக்கு விசாவும் உதவித்தொகையும் கொடு என்று கேட்பதும் நம் கையில் இருக்கிற வேலை.

2013 மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர்கள் கல்லூரி கல்லூரியாக வெளியே வந்து உட்கார்ந்தார்களே, ஈழத்தில் நடந்ததற்கு சர்வதேச விசாரணை வேண்டும் என்று, அப்போது இலங்கை அரசு சொன்னதும் ‘இது எங்கள் நாட்டு விவகாரம்’ என்பதுதான். அதை நாம் ஏற்கவில்லை, ஏற்காதது சரி. நமக்கு வேண்டும்போது உலக நியாயம், நம்மைக் கேட்கும்போது ஊர் வழக்கம் என்று வைத்துக்கொள்ள முடியாது.

நம்மைக் கேட்கிற விஷயம் ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கிறது, அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். வழக்கில் பிடிபட்ட பையன் மறுநாள் கையில் மாவுக்கட்டோடு போட்டோவில் நிற்பான், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று செய்தி வரும், பார்க்கிறவர்களில் பாதிப்பேர் ‘நல்லா வேணும்’ என்பார்கள். அடிக்காமல் உண்மை வராது என்பது இந்த ஊரில் பெரும்பான்மை ஏற்றுக்கொண்ட நியாயம், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் செத்தபோது கொஞ்ச நாள் கூச்சப்பட்டோம், அப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் அதை உறுதிசெய்யவில்லை. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதைக் கேட்டு மனு கொடுக்கலாம். அதோடு, டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கைதுக்குப் போட்ட பதினோரு விதிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுங்கள்: கைது செய்கிறவர் பெயர் தெரிய வேண்டும், சாட்சியோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும், காவலில் இருக்கிறவரை 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அம்மாவுக்கு இவை தெரிந்திருந்தால், உள்ளே போய்க் கேட்க அவளிடம் ஏதாவது இருக்கும்.